பனியாத்து மேல நண்பர்களோட ஸ்கீ ட்ரிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிஃப்ட் கிடையாது, ரோடு கிடையாது, போன் சிக்னலும் கிடையாது, சொந்தக் கால்ல ஏறி ஸ்கீல இறங்கி, நாலஞ்சு நாள் பனியாறுகள் (கிளேசியர், மலையில மெதுவா நகர்ற பெரிய ஐஸ் படுகை) மேலயே இருந்துட்டு வர்ற ட்ரிப் இது. இதப் பத்தி பேச்சு எடுத்தாலே ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருது, அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதிட்டேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்ங்கறதால சில பதில் நீளமா போயிருக்கு, பொறுமையா படிங்க. ஆனா இத மட்டும் படிச்சுட்டு கிளம்பிடாதீங்க, முறையா கோர்ஸ் போய் கத்துக்க வேண்டியதுக்கு இது மாத்து கிடையாது.

கே: ரிசார்ட்ல ஸ்கீ பண்றதுக்கும் இதுக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்?

ரிசார்ட்ல மெஷின் உங்கள மேல கொண்டு போய் விடும், நீங்க இறங்கினா போதும். சரிவை யாரோ செக் பண்ணி, ஆபத்தான பனியை வெடி வெச்சு கீழ தள்ளி, பிளவு இருக்கிற இடத்துல கயிறு கட்டி வெச்சிருப்பாங்க. இங்க அந்த "யாரோ" நீங்கதான். நாள்ல பெரும்பகுதி ஏறுறதுலயே போயிடும், இறக்கம் சட்டுனு முடிஞ்சிடும்.

ஏறுறதுக்கு ஸ்கீ அடியில "ஸ்கின்"னு ஒரு நீளமான துணிப்பட்டையை ஒட்டுவோம். ஒரு பக்கம் பசை, இன்னொரு பக்கம் குட்டை குட்டையா ரோமம். பூனை முதுகைத் தடவுற மாதிரிதான், ஒரு திசையில வழவழன்னு போகும், எதிர்த் திசையில புடிச்சுக்கும், அதனால முன்னாடி சறுக்கும், பின்னாடி வழுக்காது. அந்தக் காலத்துல நிஜமாவே சீல் தோல்ல செஞ்சாங்க, இப்போ மோஹேர், நைலான் இல்ல ரெண்டும் கலந்தது. பூட்டை ஸ்கீயோட மாட்டுற பைண்டிங்கும் வேற மாதிரி, ஏறும்போது குதிகால் ஃப்ரீயா தூக்கலாம், இறங்கும்போது லாக் பண்ணிக்கலாம். பூட் முனையை ரெண்டு சின்ன பின் புடிச்சுக்கிற அந்த லேசான டிசைனை 1980கள்ல ஆஸ்திரியாவோட ஃப்ரிட்ஸ் பார்த்தெல் கண்டுபிடிச்சார், இன்னிக்கு மலைக்குப் போறவங்க கால்ல பெரும்பாலும் அந்த வகைதான்.

கே: நான் ரிசார்ட்ல நல்லாவே ஸ்கீ பண்ணுவேன். அது போதுமா?

நல்ல தொடக்கம், ஆனா போதாது. சீர் பண்ணின பனியில அழகா இறங்கறது ஒண்ணு, முதுகுல 12லேருந்து 15 கிலோ பையோட, மேல ஓடு மாதிரி உறைஞ்சு உள்ள மெத்துன்னு இருக்கிற கேடுகெட்ட பனியில விழாம இறங்கறது இன்னொண்ணு. ஸ்டைல் யாருக்கும் வேண்டாம், விழாம இருந்தா போதும், ஏன்னா பனியாத்துல விழுந்தா முழு உடம்பு எடையும் ஒரே இடத்துல அழுத்தும், அந்த இடத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது.

கிக் டர்ன் கத்துக்கணும், அதாவது செங்குத்தான சரிவுல ஸிக்ஸாக்கா ஏறும்போது நின்ன இடத்துலயே ஒவ்வொரு காலா தூக்கித் திருப்புறது. இதுல தடுமாறுறவங்க இருந்தா மொத்த டீமோட வேகமும் பாதியாகும். ஒரு நாள்ல 1000 மீட்டர் உயரம் ஏறிட்டு மறுநாள் காலையில எந்திரிச்சு திரும்பவும் அதே அளவு ஏற முடியுமான்னு ஊர்லயே சோதிச்சுப் பாருங்க. அவலாஞ்ச் (பனிச்சரிவு) கோர்ஸ் ஒண்ணு, கிரெவாஸ் (பனியாத்துப் பிளவு) ரெஸ்க்யூ கோர்ஸ் ஒண்ணு, ரெண்டும் டீம்ல ஒவ்வொருத்தரும் முடிச்சிருக்கணும். ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்னு நினைக்காதீங்க, குழிக்குள்ள விழறது அந்த ஒருத்தராவே இருக்கலாம்.

கே: எத்தனை பேர் போறது நல்லது?

நாலு. ரெண்டு பேர் போனா ஒருத்தர் பிளவுல விழுந்ததும் மேல இருக்கிறவர் தனியாவே அவர் எடையைத் தாங்கிக்கிட்டே பனியில ஆங்கர் (கயிறைக் கட்டி நிறுத்துற பிடிமானம்) போடணும், பயிற்சி நிறைய இருக்கிறவங்களுக்கே அது திண்டாட்டம். மூணு பேர் குறைஞ்சபட்சம். நாலு பேர்னா ரெண்டு கயிறு இருக்கும், ஒருத்தருக்கு அடிபட்டா ஒருத்தர் கூட இருக்கலாம், மத்த ரெண்டு பேர் சேர்ந்து உதவிக்குப் போகலாம். ஆறு வரைக்கும் சமாளிக்கலாம், அதுக்கு மேல போனா எல்லாத்துக்கும் காத்திருக்க வேண்டி வரும், முக்கியமா யாரும் யார்கிட்டயும் மனசு விட்டு பேச மாட்டாங்க.

கே: ஃப்ரெண்ட்ஸ்ல யாரைக் கூட்டிட்டுப் போறது? எல்லாருமே வரேங்கறாங்க.

இந்தப் பக்கத்துல எல்லாத்தையும் விட முக்கியமான கேள்வி இதுதான், கியர் லிஸ்ட்டுக்கு முன்னாடி இத முடிவு பண்ணுங்க. என்னோட பதில்: "எனக்கு இது சரியாப் படல, திரும்பிடலாம்"னு தயங்காம வாய் திறந்து சொல்றவங்களைக் கூட்டிட்டுப் போங்க, அப்படி ஒருத்தர் சொன்னா மூஞ்சியைத் தூக்காம திரும்புறவங்களைக் கூட்டிட்டுப் போங்க. நல்லா ஸ்கீ பண்றவங்க, பலசாலி, ஜாலியான ஆளு எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நட்புங்கறது மலையில பெரிய பலம், அதே நட்பு பல நேரம் வாயையும் அடைச்சிடும். இயான் மெக்கமன்னு ஒருத்தர் அமெரிக்காவுல நடந்த நூத்துக்கணக்கான அவலாஞ்ச் விபத்துகளை எடுத்து ஆராய்ஞ்சு பார்த்தார், அதுல மாட்டினவங்கள்ல நிறைய பேருக்கு அவலாஞ்ச் பத்தின பயிற்சி இருந்திருக்கு, கண்ணு முன்னாடி ஆபத்துக்கான அறிகுறியும் இருந்திருக்கு, இருந்தும் போயிருக்காங்க. மனுஷ மனசு விழற பொறிகள்னு அவர் சிலதைச் சொல்றார்: பழகின இடம்தானேன்னு நினைக்கிறது, மத்தவங்க முன்னாடி நல்ல பேரு வாங்க ஆசைப்படறது, ஒரு தடவை முடிவு பண்ணிட்டா மாத்த மனசு வராதது, அனுபவஸ்தன் ஒருத்தன் இருக்கான் அவன் பாத்துக்குவான்னு விடறது, முன்னாடி யாரோ போன தடம் இருக்கேன்னு போறது, நமக்கு முன்னாடி வேற யாராவது அந்தப் புதுப் பனியில இறங்கிடுவாங்களோன்னு அவசரப்படறது. ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல இதுல பாதியாவது எப்பவும் இருக்கும். லீவு போட்டாச்சு, டிக்கெட் எடுத்தாச்சு, நாம ஒருத்தர் சொல்லி எல்லாரோட ட்ரிப்பையும் கெடுக்கணுமான்னு நினைச்சு பேசாம இருப்பாங்க பாருங்க, அந்த மௌனத்தை நினைச்சாதான் எனக்கு பயம்.

அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு சட்டம் போட்டுக்கோங்க. யாராவது ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம், காரணம் விளக்க வேண்டியதில்ல, ஓட்டெடுப்பு கிடையாது. பேசும்போது அனுபவம் கம்மியானவங்களை முதல்ல பேச விடுங்க. சீனியர் முதல்ல வாயைத் திறந்துட்டா மத்தவங்க தலையாட்டிடுவாங்க. ஒவ்வொரு ராத்திரியும் மறுநாள் வழியைப் பத்திப் பேசும்போது "எந்த இடத்துல எது நடந்தா திரும்புறோம்"னு முன்கூட்டியே முடிவு பண்ணிடுங்க, உதாரணமா பதினோரு மணிக்குள்ள கணவாய் வரலைன்னா திரும்புறோம்னு. ஹட்ல (மலையில ராத்திரி தங்கற குடில்) உக்காந்து எடுக்கிற முடிவுக்கும் கணவாய்க்கு 100 மீட்டர் கீழ நின்னு எடுக்கிற முடிவுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

கே: கைடு வெச்சுக்கணுமா?

முதல் பனியாறு ட்ரிப்புக்கு ஆமா. காசு பாக்காதீங்க. கைடு இருந்தாலும் மேல சொன்ன சட்டம் செல்லும், கைடு கிட்டயும் கேள்வி கேளுங்க, நல்ல கைடு சந்தோஷமா பதில் சொல்லுவார்.

கே: எங்க போலாம், எந்த மாசம்?

ஆல்ப்ஸ்ல பிரான்ஸோட ஷாமோனியிலேருந்து சுவிட்சர்லாந்தோட ஸெர்மாட் வரைக்கும் போற ஓட் ரூட் தான் ரொம்பப் பேர் பெத்தது, 1911லயே ஸ்கீல கடந்துட்டாங்க. ராத்திரி தங்க ஹட் இருக்கும், அங்க சாப்பாடும் கிடைக்கும், அதனால பை லேசாகும், ஆனா கூட்டமும் இருக்கும். பெரிய பனியாறைப் பாக்கணும்னா அலெட்ச், ஆல்ப்ஸ்லயே நீளமானது, 3454 மீட்டர்ல இருக்கிற யுங்ஃப்ராயோக் ஸ்டேஷன் வரைக்கும் ரயில்லயே போய் அங்கேருந்து நேரா பனியில இறங்கிடலாம். ரயில்லேருந்து இறங்கின உடனே உயரம் தலைவலியைக் குடுக்கும், முதல் நாள் சின்னதா வெச்சுக்கோங்க.

கனடா ராக்கீஸ்ல வாப்டா பனிவெளி, முதல் தடவை போற ஃப்ரெண்ட்ஸ் குரூப்புக்கு நான் சொல்றது இதைத்தான். பேயிட்டோ, போ, பால்ஃபர், ஸ்காட் டங்கன்னு வடக்கேருந்து தெற்கா வரிசையா ஹட்டுகள், ஒண்ணுக்கொண்ணு ஒரு நாள் தூரம், கனடா ஆல்பைன் கிளப்போடது. சமைக்கிறது நம்ம வேலைதான். எல்லாமே சுலபம்னு நினைச்சுடாதீங்க, பால்ஃபர் ஹை கால்ங்கிற கணவாய் வழியில இருக்கு, மேல தொங்கற பனிக்கட்டிச் சுவர்கள், கீழ பிளவுகள், வானிலை தெளிவா இல்லைன்னா அங்க ஏறாதீங்க. அதே மலைத்தொடர்ல கொலம்பியா பனிவெளி இன்னும் கடினம், கூடாரம்தான். அங்க இருக்கிற ஸ்னோ டோம் உச்சி எனக்கு ரொம்ப இஷ்டமான இடம், 3456 மீட்டர், அதுல உருகுற தண்ணி மூணு பக்கமா பிரிஞ்சு பசிபிக், ஆர்க்டிக், அட்லாண்டிக் மூணுக்கும் போகுது. அங்க நிக்கணும்ங்கற ஆசையே பாதி தூரம் இழுத்துட்டுப் போயிடும்.

அலாஸ்கா வேற லெவல். டால்கீட்னாவிலேருந்து ஸ்கீ வெச்ச சின்ன விமானத்துல பனியாத்து மேலயே கொண்டு இறக்கி விடுவாங்க. வானிலை கெட்டா திரும்பக் கூட்டிட்டுப் போக விமானம் வராது, அது எத்தனை நாளுன்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால சாப்பாடும் எரிபொருளும் பல நாளைக்கு எக்ஸ்ட்ரா கட்டாயம்.

மாசம்னா மார்ச் கடைசிலேருந்து மே வரைக்கும். குளிர்காலம் முழுக்க விழுந்த பனி பிளவுகளை நல்லா மூடியிருக்கும், பகலும் நீளமா இருக்கும். டிசம்பர், ஜனவரியில பனியாத்துப் பக்கம் போகாதீங்க, மெல்லிசா ஒரு மூடி மட்டும் போட்டிருக்கும், வெளியிலேருந்து பாத்தா நடுக்குளிர்காலம் மாதிரியே இருக்கும்.

கே: கிரெவாஸ் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?

முழுசா தெரியாது, ஊகிக்கலாம். பனியாறு நிக்கிற ஐஸ் இல்ல, மெதுவா ஓடிக்கிட்டே இருக்கு. சரிவு திடீர்னு செங்குத்தாகிற இடத்துல, முதுகு மாதிரி வளைஞ்சு இறங்கற இடத்துல ஐஸ் இழுபட்டு வெடிக்கும். வளைவுல வெளிப்பக்கம் வெடிக்கும். ஓரமா பாறையை உரசுற இடத்துல வெடிக்கும். மேல மலையோட சேர்ற இடத்துல ஒரு பெரிய பிளவு இருக்கும், அதுக்கு பெர்க்ஷ்ருண்ட்னு பேரு. குழிஞ்சு தட்டையா இருக்கிற பகுதியில ஐஸ் அமுக்கப்படறதால பிளவு கம்மி. அதனால மேப்பைப் பாத்தே ஓரளவு சொல்லிடலாம். கோடையில எடுத்த சேட்டிலைட் போட்டோ இருந்தா ரொம்ப நல்லது, பனி இல்லாம பிளவெல்லாம் அப்பட்டமா தெரியும், அதை வெச்சு வீட்டுலயே வழியைப் போட்டு வெச்சுக்கோங்க.

நேர்ல பாக்கும்போது பனியில லேசா ஒரு பள்ளம் கோடு மாதிரி நீளமா ஓடும், நிழல்ல வேற நிறமா தெரியும். காலையிலயும் சாயங்காலமும் வெயில் சாய்வா விழும்போது நல்லாத் தெரியும், உச்சி வெயில்லயும் மேகமூட்டத்துலயும் ஒண்ணும் தெரியாது. பிளவைக் குறுக்கா, நேர்க்கோணத்துல கடங்க. அது கூடவே நீளவாக்குல போனா எல்லாருமே பிளவை மூடியிருக்கிற ஒரே பனிப் பாலத்து மேல நிப்பீங்க.

கே: எப்பவும் கயிறு கட்டிக்கணுமா?

ஏறும்போது, தெரியாத பனியாத்துல, ஆமா. மூணு நாலு பேர்னா ஆளுக்கு ஆள் 10லேருந்து 15 மீட்டர் இடைவெளி. ரெண்டே பேர்னா இன்னும் கூட வெச்சு நடுவுல முடிச்சுகள் போட்டுக்குவாங்க, விழும்போது முடிச்சு பனி விளிம்புல மாட்டி பிரேக் போடும். கயிறு தரையைத் தொட்டும் தொடாம இருக்கணும், கையில சுருட்டி வெச்சுக்கிட்டு நடக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், அந்தச் சுருள் அளவுக்கு எக்ஸ்ட்ரா விழுவீங்க.

இறங்கும்போது பெரும்பாலும் கயிறு இல்லாமதான் வருவாங்க, வேகமும் ஸ்கீயோட நீளமும் எடையைப் பரப்பிடும், ஏறின தடத்துலயே இறங்குறது இன்னும் நல்லது. பிளவு நிறைய இருந்தாலோ கண்ணு தெரியலைன்னாலோ கட்டிக்கிட்டே இறங்கணும், அது ரொம்ப எரிச்சலான வேலை, மெதுவா பண்ணுங்க. கயிறு இல்லைன்னாலும் ஹார்னெஸ் (கயிறு மாட்டுற இடுப்புப் பட்டை) எப்பவும் இடுப்புல இருக்கணும். கூடாரத்தைச் சுத்தி சோதிச்சுப் பாத்த எல்லையைத் தாண்டி ஒண்ணுக்குப் போறதுன்னாலும் ஸ்கீயைக் கழட்டிட்டு சும்மா நடந்து போகாதீங்க.

கே: ஒருத்தர் விழுந்துட்டா என்ன பண்றது?

கயிறு வெடுக்குனு இழுக்கும். அடுத்தவர் உடனே உக்காந்து ஸ்கீயை குறுக்கா பனியில அழுத்தி நிறுத்தணும். நின்னதும் ஒரு நொடி மூச்சு விட்டுக்கோங்க, கயிறு தாங்கிடுச்சுன்னா இனிமே அவசரம் கம்மி. பின்னாடி இருக்கிறவர் ஆங்கர் போடணும்: எடை இழுக்கிற திசைக்குக் குறுக்கா ஒரு பள்ளம் தோண்டி, அதுல ஸ்கீயையோ ஐஸ் ஆக்ஸையோ படுக்க வெச்சு, நடுவுல ஸ்லிங் (வளையமா தைச்ச பட்டை) மாட்டி, இழுக்கிற பக்கமா ஸ்லிங்குக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, மேல பனியைப் போட்டு மிதிக்கணும். ஸ்கீயோட ஸ்டீல் ஓரம் ஸ்லிங்கை அறுக்காம கீழ ஏதாவது துணி வைக்கணும். மெதுவா எடையை ஆங்கருக்கு மாத்திட்டு அது அசையுதான்னு பாருங்க.

அப்புறம் ஒருத்தர், கயிறுல பாதுகாப்பா கட்டிக்கிட்டு, விளிம்பு வரைக்கும் போய்ப் பேசணும். பதில் வருதா, அடி இருக்கா, குளிர்தா. பிளவுக்குள்ள குளிர் வேகமா ஏறும், முடிஞ்சா ஒரு ஜாக்கெட் இறக்கி விடுங்க. விளிம்புல கயிறு பனிக்குள்ள வெட்டிக்கிட்டு இறங்கியிருக்கும், அப்படியே இழுத்தா ஒரு அங்குலம் கூட வராது, எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதுதான். விளிம்பைச் செதுக்கி, இழுக்கப் போற கயிறுக்கு அடியில ஸ்கீ போலையோ (கையில புடிக்கிற தடி) ஒரு பையையோ வெச்சு, அதுவும் கீழ விழாம கட்டி வைக்கணும். அதுக்கப்புறம்தான் புல்லி. விழுந்தவர் நினைவோட இருந்தா கயிறை மடிச்சு ஒரு லூப்பா புல்லியோட இறக்கி அவர் ஹார்னெஸ்ல மாட்டச் சொன்னா சுமை பாதியாகும், அவரும் இழுத்து உதவலாம். இல்லைன்னா சுமையை மூணுல ஒரு பங்கு, ஆறுல ஒரு பங்கா குறைக்கிற மூணுக்கு ஒண்ணு, ஆறுக்கு ஒண்ணு புல்லி சிஸ்டம் போடணும். சில நேரம் அவரே ரெண்டு புரூசிக் முடிச்சு (எடை விழுந்தா கயிறை இறுக்கிப் புடிக்கும், இல்லைன்னா நகர்த்தலாம்) வெச்சு ஏறி வந்துடுவார், அது இன்னும் வேகம்.

இதையெல்லாம் படிச்சா மனசுல நிக்காது. கிளம்பறதுக்கு முந்தின வாரம் ஏதாவது ஒரு மேட்டுல, கிளவுஸ் போட்டுக்கிட்டு, நிஜமாவே ஒருத்தரைத் தொங்க விட்டுப் பழகுங்க. கிளவுஸ் இல்லாம பழகினது மலையில கை குடுக்காது.

கே: அவலாஞ்ச்?

பனியாத்துலயும் உண்டு, ஓரத்துச் சரிவுகள் உங்க மேலதான் வந்து விழும். ஆளைக் கொல்ற பலகை மாதிரிப் பெயர்ற வகை பெரும்பாலும் 30லேருந்து 45 டிகிரி சரிவுல நடக்கும், அதனால சரிவோட கோணத்தை அளக்கிற ஸ்லோப் மீட்டர் கையில இருக்கட்டும், சந்தேகமா இருந்தா 30க்குக் கீழயே வழியைப் போடுங்க. புதுப் பனி, பலத்த காத்து, திடீர்னு சூடு, காலடியில "வூம்ஃப்"னு சத்தம், ஸ்கீ முனையிலேருந்து ஓடுற விரிசல், இதுல எது பாத்தாலும் அந்த நாள் பிளானை மாத்துங்க. எச்சரிக்கை அளவு ஐரோப்பாவிலயும் வட அமெரிக்காவிலயும் 1லேருந்து 5 வரைக்கும் இருக்கு, மூணுங்கறதை நடுத்தரம்னு படிச்சுடாதீங்க, அதுலயே நிறைய உயிர் போகுது.

பீக்கன் (புதைஞ்சவரைத் தேட சிக்னல் அனுப்பி வாங்குற கருவி), ப்ரோப் (பனியைக் குத்திப் பாக்கிற நீளக் கம்பி), ஷவல் மூணும் ஆளுக்கு ஒண்ணு. பீக்கன் எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸ்ல வேலை செய்யும், எந்த கம்பெனின்னாலும் ஒண்ணுக்கொண்ணு பேசும். போன் மாதிரி எலக்ட்ரானிக் பொருளை பீக்கன் கிட்டேருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வைங்க, தேடும்போது 50. புதைஞ்சவரை முதல் பத்து நிமிஷத்துல எடுத்துட்டா பிழைக்கிற வாய்ப்பு நல்லா இருக்கு, அதுக்கப்புறம் ரொம்ப வேகமா சரியும். எந்த ஹெலிகாப்டரும் பத்து நிமிஷத்துல வராது. உங்க உயிர் பக்கத்துல நிக்கிற ஃப்ரெண்டோட கையில.

கே: மேகம் வந்து ஒண்ணுமே தெரியலைன்னா?

ஒயிட்அவுட்னா தரை எது வானம் எதுன்னு தெரியாது, நின்னுக்கிட்டிருக்கும்போதே தலை சுத்தி விழறவங்க உண்டு. முதல் வேலை நிக்கறது. அவசரம் இல்லைன்னா காத்திருங்க. போயே ஆகணும்னா கயிறு கட்டி, முன்னாடி போறவர் தடம் போட, பின்னாடி இருக்கிறவர் ஜிபிஎஸ், காம்பஸ் பாத்து "இடது, நேரே"ன்னு குரல் குடுக்கணும், முன்னாடி இருக்கிறவரே திரையைப் பாத்துக்கிட்டு நடந்தா காலுக்கு முன்னாடி இருக்கிறதைப் பாக்க மாட்டார். ஒரு பனி உருண்டையை முன்னாடி வீசிப் பாருங்க, அது எங்க நிக்குது, எங்க காணாமப் போகுதுன்னு வெச்சு சரிவு தெரியும். பேப்பர் மேப் கட்டாயம், குளிர்ல போன் பேட்டரி எந்த அறிவிப்பும் இல்லாம செத்துடும்.

கே: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்னு எப்படிக் கணக்குப் போடறது?

சுவிஸ் நாட்டு வெர்னர் முண்டரோட கணக்கு சுலபமானது. கிலோமீட்டரை எழுதுங்க, ஏற வேண்டிய உயரத்துல ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒண்ணு கூட்டுங்க, நாலால வகுங்க, மணி நேரம் வந்துடும். 8 கிலோமீட்டர், 1000 மீட்டர் ஏத்தம்னா 8 கூட்டல் 10, அதை நாலால வகுத்தா நாலரை மணி நேரம். சாப்பிடறது, கயிறு கட்டறது, போட்டோ எடுக்கறது எல்லாம் தனி.

வசந்தத்துல வெயில் ஏறினா பனிப் பாலமும் சரிவும் இளகிடும், அதனால இருட்டுலயே கிளம்பி மதியத்துக்குள்ள முடிச்சுடுங்க. காலை நாலு மணிக்கு ஹெட்லாம்ப் வெளிச்சத்துல உறைஞ்ச பனி மேல ஸ்கின் கரகரன்னு போற சத்தம் மட்டும் கேக்கும், யாரும் பேச மாட்டாங்க, அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் திரும்பத் திரும்ப போவேன்.

கே: ஸ்கின் ஒட்ட மாட்டேங்குதே?

பசையில பனி ஏறிடுச்சு, இல்லைன்னா ரொம்பக் குளிர்ந்துடுச்சு. கழட்டினதும் பையில போடாதீங்க, ஜாக்கெட்டுக்குள்ள வயித்தோட ஒட்டி வைங்க. ஒட்டறதுக்கு முன்னாடி ஸ்கீ அடிப்பாகத்தை சட்டைக் கையாலயாவது துடைச்சு ஈரம் இல்லாம பண்ணுங்க. அப்பவும் ஒட்டலையா, ரப்பர் ஸ்ட்ராப்பை ஸ்கீயைச் சுத்தி ரெண்டு இடத்துல இறுக்கிக் கட்டிட்டு நடங்க. அந்த ஸ்ட்ராப் ஆளுக்கு நாலு எடுத்துட்டுப் போங்க, உடைஞ்ச போல், கிழிஞ்ச பூட், அடிபட்ட காலுக்குக் கட்டு, எல்லாத்துக்கும் அதுதான்.

கே: கூடாரம் எங்க போடறது, தண்ணிக்கு என்ன வழி?

இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் கயிறை அவுக்காதீங்க. ப்ரோப் வெச்சு அடி அடியா குத்திப் பாருங்க, திடீர்னு கை உள்ள போச்சுன்னா அங்க பிளவு. குத்திப் பாத்த எல்லையைச் சுத்தி ஸ்கீயும் போலும் நட்டு வைங்க, அதுக்குள்ள மட்டும்தான் கயிறு இல்லாம நடக்கலாம். மேல தொங்கற ஐஸோ சரிவோ இருந்தா எவ்வளவு அழகான இடமா இருந்தாலும் வேண்டாம். காத்து வர்ற பக்கம் பனிக் கட்டிகளை வெட்டி சுவர் கட்டுங்க.

தண்ணி எல்லாமே பனியை உருக்கித்தான், தினமும் மணிக்கணக்கா ஆகும், எரிபொருள் கணக்கை அதுக்குத் தகுந்த மாதிரிப் போடுங்க. பாத்திரத்துல முதல்ல கொஞ்சம் தண்ணி விட்டுட்டு அப்புறம் பனி போடுங்க, வெறும் பனியைப் போட்டா அடி தீஞ்சு தண்ணியே ஒரு மாதிரி வாடை அடிக்கும். பியூட்டேன் கேஸ் உறைநிலைக்குப் பக்கத்துலயே ஆவியாகறதை நிறுத்திடும், அதனால நல்ல குளிர்ல பெட்ரோல் வகை ஸ்டவ்தான் கை குடுக்கும். கூடாரத்தை மூடிக்கிட்டு உள்ள சமைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கே: டாய்லெட்டுக்கு?

பையில கட்டித் திருப்பி எடுத்துட்டு வாங்க. பிளவுல போட்டா போயிடும்னு ரொம்ப காலம் நினைச்சிருந்தாங்க, அலாஸ்காவோட டெனாலி மலையில ஆராய்ஞ்சு பாத்தப்ப அது எங்கயும் போகல, பனியாத்தோட சேர்ந்து கீழ நகர்ந்து ஒரு நாள் வெளிய வரும், கிருமியும் சாகறதில்லைன்னு தெரிஞ்சது. கீழ அந்தத் தண்ணியைக் குடிக்கிறவங்க இருக்காங்க.

கே: கூலிங் கிளாஸ் ஒண்ணு போதுமா?

பனியாத்துக்குன்னே இருக்கிற, பக்கத்துலயும் மறைக்கிற கண்ணாடி வேணும், டீமுக்கு ஒண்ணு ஸ்பேர். ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதா கதிர் சுமார் 10 சதவீதம் கூடுது, புதுப் பனி அதுல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்குது. மேகமா இருந்தாலும் கழட்டாதீங்க. கண்ணு எரியறது அப்பவே தெரியாது, சாயங்காலம் ஹட்ல உக்காந்திருக்கும்போது கண்ணுல மணல் போட்ட மாதிரி ஆரம்பிக்கும், மறுநாள் முழுக்க போச்சு. சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியில, தாடைக்கு அடியில கூட பூசுங்க, வெளிச்சம் கீழேருந்துதான் வருது.

கே: அவசரம்னா யாரைக் கூப்பிடறது?

ரெண்டு பக்கமும் மெசேஜ் போற சேட்டிலைட் கருவி டீமுக்கு ரெண்டு, ரெண்டும் வேற வேற ஆள் பையில. ஒரே பையில இருந்து அந்தப் பை பிளவுக்குள்ள போச்சுன்னா? மெசேஜ்ல இடம், எத்தனை பேர், என்ன அடி, அங்க காத்தும் மேகமும் எப்படின்னு சுருக்கமா எழுதுங்க. ரெஸ்க்யூவை கவர் பண்ற இன்ஷூரன்ஸ் எடுங்க, சாதாரண டிராவல் பாலிசியில பனியாறு, கயிறு ரெண்டும் பெரும்பாலும் விலக்குல இருக்கும், நல்லாப் படிங்க. வானிலை மோசம்னா ஹெலிகாப்டர் வராது, ஒரு ராத்திரி அங்கயே தாங்கற அளவுக்கு ஏற்பாடு இருக்கணும்.

கே: பனியாறெல்லாம் உருகுதே, இன்னும் போக முடியுதா?

முடியுது, ஆனா வழிகள் மாறிக்கிட்டே இருக்கு, இதைச் சொல்லும்போது மனசு கஷ்டமாத்தான் இருக்கு. சுவிட்சர்லாந்து பனியாறுகள் 2022, 2023ன்னு ரெண்டே வருஷத்துல தங்களோட மொத்த அளவுல 10 சதவீதத்தை இழந்துடுச்சு. அலெட்ச்ல இருக்கிற கொங்கோர்டியா ஹட்டை 1877ல கட்டினப்ப பனியாறு அதுக்கு சுமார் 50 மீட்டர் கீழதான் இருந்துச்சு, இப்போ ஐஸ் இறங்கிப் போனதால ஹட்டுக்குப் போக பாறையில அடிச்ச 400க்கும் மேற்பட்ட இரும்புப் படி ஏறணும், நாள் முழுக்க ஸ்கீ பண்ணிட்டு பூட்டோட அந்தப் படியில கால் வைக்கும்போது எவ்வளவு ஐஸ் போயிருக்குன்னு தொடை சொல்லும். 2022 ஜூலை 3ஆம் தேதி இத்தாலியோட மர்மொலாடாவுல ஐஸ் சரிஞ்சு 11 பேர் செத்தாங்க.

ஸ்கீ ட்ரிப்புக்கு இதனால என்னன்னா, பத்து வருஷத்துக்கு முந்தின ஜிபிஎஸ் தடத்தை நம்பிப் போகாதீங்க. அப்போ தட்டையா இருந்த இடம் இப்போ செங்குத்து, செங்குத்துன்னா புதுப் பிளவு. பனியாத்து முனையில பாறையும் ஏரியும் வந்திருக்கும். போன வாரம் போயிட்டு வந்தவங்க, ஹட் காப்பாளர், உள்ளூர் கைடு ஆபீஸ், இவங்ககிட்ட கேட்டு வழியைப் புதுப்பிச்சுக்கோங்க.

கே: நடுவுல சண்டை வந்தா?

வரும். பெரும்பாலும் பசி, தூக்கம் இல்லாதது, நனைஞ்ச சாக்ஸ். ஒரு நாளைக்கு 4000 கலோரிக்கு மேல எரியும், அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது வாயில போட்டுக்கிட்டே இருங்க. மெதுவா வர்றவங்களுக்காக நின்னுட்டு, அவங்க வந்ததும் உடனே கிளம்பிடாதீங்க, அவங்களும் மூச்சு வாங்கட்டும். யாருக்காவது குதிகால்ல சூடா லேசா உரசுதுன்னா அப்பவே மொத்த டீமும் நின்னு டேப் ஒட்டணும், "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டா மறுநாள் கொப்புளத்தோட நடக்க முடியாம எல்லாரும் நிக்கணும்.

கே: திரும்பி வந்ததும் ஏதாவது செய்யணுமா?

ஸ்கின்னை நிழல்ல காய வைங்க, ஹீட்டர் மேல போட்டா பசை போயிடும். கயிறையும் விரிச்சுக் காய வைங்க, கையால தடவி எங்கயாவது மெத்துன்னு இருக்கா, உறை கிழிஞ்சிருக்கான்னு முழு நீளத்துக்கும் பாருங்க. ஸ்கீ ஓரத்தைத் துடைச்சு துரு பிடிக்காம வைங்க. பீக்கன் பேட்டரியைக் கழட்டுங்க. எல்லாரும் பிரியறதுக்கு முன்னாடி, களைப்பா இருந்தாலும், அரை மணி நேரம் உக்காந்து எந்த இடத்துல யாருக்கு பயமா இருந்துச்சு, அப்போ ஏன் சொல்லலைன்னு பேசிடுங்க. அதைப் பேசினவங்களோடதான் நான் அடுத்த வருஷத் தேதியைக் குறிப்பேன்.